எழு, எழுப்பு, எழுந்துகொள்: ஸ்பானிஷ் ‘ஸெ’யை எந்த வழியில் பிடிப்பது?

‘கொலுசு அறுந்துபோச்சு.’ ‘கொலுசை அறுத்துட்டான்.’ முதல் வாக்கியத்தில் யார் மேலும் பழி இல்லை. இரண்டாவதில் ஒருவன் மாட்டிக்கொண்டான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பானிஷில் இதே வேலையைச் செய்வது ‘ஸெ’ என்ற ஓரசைச் சொல். ‘ஸெ ரொம்ப்பியோ ல தொபியேர’ என்றால் கொலுசு அறுந்தது. ‘ஸெ’யை எடுத்துவிட்டு ‘ரொம்ப்பியோ ல தொபியேர’ என்றால் அவன் அறுத்தான்.

நம் ஊரில் செயலியிலோ இணைய வகுப்பிலோ ஸ்பானிஷ் படிப்பவருக்கு ‘ஸெ’ இப்படி அறிமுகமாவதில்லை. பாடம் ஆங்கிலம் வழியாக வருகிறது. ‘ஸெ’ என்றால் ‘தன்னைத்தானே’ என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். பத்தாம் நாள் ‘பனிக்கட்டி உருகியது’ என்ற வாக்கியத்திலும் ‘ஸெ’ வந்து நிற்கும். பனிக்கட்டி தன்னைத்தானே உருக்கிக்கொண்டதா? குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘தன்னைத்தானே’ வழி, தமிழ்த் துணைவினை ‘கொள்’ வழி, தன்வினை–பிறவினை வழி, இலக்கணமே பார்க்காமல் வாக்கியங்களை மனப்பாடம் செய்யும் வழி. தொடங்க வேண்டியது தன்வினை–பிறவினையில். பலருக்கும் முதலில் தோன்றுவது ‘கொள்’தான். அது உதவும், ஆனால் இரண்டாவதாக.

எழுத்து முறை பற்றி ஒன்று. இங்கே ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறோம். நெடிலைப் பார்த்து இழுக்க வேண்டாம், அழுத்தினால் போதும். ‘லெவான்த்தொ’ என்றால் எழுப்புகிறேன், ‘லெவன்த்தோ’ என்றால் எழுப்பினான். அழுத்தம் இடம் மாறினால் ஆளும் காலமும் மாறிவிடும். ‘பந்து’ என்பதில் மெலிவதுபோல ஒலி மெலியக் கூடாத இடத்தில் ‘ன்த்த’ என்று வரும். ஸ்பானிஷில் மேலே அலைக்கோடு போட்ட ‘ன’ நம் ஞாயிற்றின் ‘ஞ’வேதான்.

ஆங்கில வழி

இதன் பலம் வசதி. நூல்கள், அகராதிகள், செயலிகள் எல்லாம் இந்த வழியில்தான் கிடைக்கின்றன. கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது (மிரார்ஸெ) போன்ற, செய்பவரும் செயலை ஏற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் வினைகளுக்கு விளக்கம் சரியாகப் பொருந்தும்.

இடறுவது மூன்று இடங்களில். எழுவது, உட்காருவது, படுப்பது, குளிப்பது எதற்கும் ஆங்கிலத்தில் ‘தன்னை’ என்ற சொல் வராது. அதனால் ஆங்கிலத்தில் நினைத்துப் பேசுபவர் ‘லெவான்த்தொ அ லஸ் ஸேயிஸ்’ என்று விட்டுவிடுகிறார். கேட்பவர் காத்திருப்பார்: ஆறு மணிக்கு எழுப்புகிறாய், சரி, யாரை? சொல்ல வேண்டியது ‘மெ லெவான்த்தொ அ லஸ் ஸேயிஸ்’. (‘நான்’ என்று பேசும்போது ‘ஸெ’ ‘மெ’ ஆகிவிடும்.)

இரண்டாவது, உடல் உறுப்புகள். ஆங்கிலத்தில் ‘என் கைகளை’ என்று சொல்லியே ஆக வேண்டும். அதை அப்படியே கொண்டுவந்து ‘லாவொ மிஸ் மானொஸ்’ என்றால் ஸ்பானிஷ்காரர் காதில் உறுத்தும். ‘மெ லாவொ லஸ் மானொஸ்’ என்பதே இயல்பு. கை யாருடையது என்பதை ‘மெ’ ஏற்கெனவே சொல்லிவிட்டது.

மூன்றாவது, ‘நானே செய்தேன்’ என்று அழுத்திச் சொல்லும்போது ஆங்கிலம் அதே ‘தன்’ சொல்லைப் போடுகிறது. ஸ்பானிஷில் அதற்கு ‘லொ ஈஸெ யோ மீஸ்மொ’. இங்கே ‘மெ’ சேர்க்கக் கூடாது. தமிழின் ‘நானே’ என்ற ஏகாரத்தோடு ‘யோ மீஸ்மொ’வை முடிச்சுப் போட்டுக்கொண்டால் இந்தத் தவறு வராது.

‘கொள்’ வழி

‘கை கழுவிக்கிட்டேன், தலை சீவிக்கிட்டேன், சட்டை போட்டுக்கிட்டேன்.’ நாம் இப்படிப் பேசும்போது ‘என் கை’, ‘என் தலை’ என்று சொல்வதில்லை. ஸ்பானிஷும் சொல்வதில்லை: ‘மெ லவே லஸ் மானொஸ்’, ‘மெ பெயினே’, ‘மெ பூஸெ ல கமீஸ’. இந்த இடத்தில் ஆங்கிலத்தை விடத் தமிழ் ஸ்பானிஷுக்கு எவ்வளவோ பக்கம்.

ஒருவரையொருவர் என்ற பொருளும் ஒத்துப்போகும். ‘அடிச்சுக்கிட்டாங்க’ என்பது ‘ஸெ பெகாரொன்’. தனக்குத்தானே அடித்தார்களா, ஒருவரையொருவரா என்பதைச் சூழல் முடிவு செய்யும், இரண்டு மொழியிலும்.

திருமணத்துக்கான வினையில் பொருத்தம் இன்னும் அழகு. கல்யாணம் பண்ணிக்கிட்டான் என்பது ‘ஸெ கஸோ’. ‘ஸெ’ இல்லாமல் ‘கஸோ அ ஸு ஈஹ’ என்றால் தன் மகளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார். நம் ‘பண்ணிக்கொள்’, ‘பண்ணிவை’ இரண்டும் அங்கே அப்படியே இருக்கின்றன. கவனிக்க வேண்டியது ஒன்று: தமிழில் ‘அவளை’க் கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம். ஸ்பானிஷில் ‘அவளோடு’, அதாவது ‘கொன்’.

இவ்வளவு பொருந்தியும் இதை முதல் வழியாகச் சொல்லாததற்குக் காரணங்கள் உண்டு.

பெரிய பொறி ‘கொண்டிரு’. ‘பேசிக்கிட்டிருக்கேன்’ என்பதில் வரும் ‘கிட்டு’ செயல் தொடர்வதைக் காட்டுகிறது, தன் மீது திரும்புவதை அல்ல. அதற்கு ஸ்பானிஷ் ‘எஸ்தோய் அப்லாந்தொ’, ‘மெ’ கிடையாது. ஆனால் ‘கை கழுவிக்கிட்டிருக்கேன்’ என்றால் ‘எஸ்தோய் லவாந்தொமெ லஸ் மானொஸ்’ என்று ‘மெ’ வரும். பேச்சில் ஒரே மாதிரி ஒலிப்பதால் காது ஏமாறும். சோதனை எளிது: வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். ‘பேசினேன்’ என்று ‘கிட்டு’ உதிர்ந்தால் ‘மெ’ இல்லை. ‘கழுவிக்கிட்டேன்’ என்று ஒட்டிக்கொண்டே வந்தால் ‘மெ’ உண்டு.

அடுத்து, ‘கொள்’ ஒட்டி உறைந்துபோன வினைகள். கற்றுக்கொள், புரிந்துகொள், ஒத்துக்கொள் ஆகிய மூன்றுக்கும் ஸ்பானிஷில் அப்ரெந்தேர், என்த்தெந்தேர், அஸெப்த்தார், ‘ஸெ’ ஒட்டுவதில்லை. ஆனால் ஒரு சேதியைத் தெரிந்துகொள்வது ‘என்த்தெரார்ஸெ’, அங்கே ஒட்டுகிறது. ‘பார்த்துக்கொள்’ இரண்டு பக்கமும் போகும்: குழந்தையைப் பார்த்துக்கொண்டால் குயிதார், உடம்பைப் பார்த்துக்கொண்டால் குயிதார்ஸெ. இங்கே விதி கைகொடுக்காது, வினைவாரியாகத்தான் பழக வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை வேறு. அன்றாடம் அதிகம் புழங்கும் எழு, உட்கார், படு, குளி எதற்கும் தமிழில் ‘கொள்’ தேவையில்லை. ஸ்பானிஷில் எல்லாவற்றுக்கும் ‘ஸெ’ வேண்டும். ‘கொள்’ளை மட்டும் நம்பிப் போனால், முதல் வாரத்தில் தேவைப்படும் வினைகளிலேயே ஆங்கில வழிக்காரரோடு சேர்ந்து நாமும் தவறுவோம்.

தன்வினை–பிறவினை வழி

பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: திருந்தினான், திருத்தினான், உருண்டான், உருட்டினான். அந்தப் பாடத்தை எடுத்து ஸ்பானிஷ் பக்கத்தில் வைத்தால் ‘ஸெ’யின் பாதிக்கு மேற்பட்ட வேலை விளங்கிவிடும்.

அடிப்படை இது: தமிழில் ‘எழு’ மூலம், அதில் உறுப்புச் சேர்த்தால் ‘எழுப்பு’. ஸ்பானிஷில் நேர்மாறு. ‘எழுப்பு’ (லெவன்த்தார்) மூலம், அதில் ‘ஸெ’ சேர்த்தால் ‘எழு’ (லெவன்த்தார்ஸெ). அதேபோல் ஸென்த்தார் என்றால் உட்காரவை, ஸென்த்தார்ஸெ என்றால் உட்கார். அக்கொஸ்தார் படுக்கவை, அக்கொஸ்தார்ஸெ படு. பஞார் குளிப்பாட்டு, பஞார்ஸெ குளி. அம்மா குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் என்றால் ‘ஸெ’ இல்லை. தானே குளித்தால் ‘ஸெ’. நாம் பிறவினைக்கு விலை கொடுக்கிறோம், அவர்கள் தன்வினைக்கு விலை கொடுக்கிறார்கள்.

மனிதர் அல்லாத பொருள்களிலும் இந்த விளக்கம் நிற்பதுதான் இதன் வலிமை. காபி அறுவடைக் காலத்தில் சேர்வராயன் மலைத் தோட்டத்துக் களங்களில் கொட்டையைப் பரப்பியிருப்பார்கள். கொட்டை வெயிலில் காய்கிறது: ‘எல் கஃபே ஸெ ஸேக்க அல் ஸோல்’. நாங்கள் காயவைக்கிறோம்: ‘ஸெக்காமொஸ் எல் கஃபே அல் ஸோல்’. திடீரென்று மழை. மழை காபியை நனைத்தது: ‘ல யூவிய மொஹோ எல் கஃபே’. காபி நனைந்தது: ‘எல் கஃபே ஸெ மொஹோ’. நானும் நனைந்தேன்: ‘மெ மொஹே’. கொட்டை தன்னைத்தானே காயவைத்ததாகக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இனி, தமிழர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஒரு சோதனை. நனைந்தது, நனைத்தது. உடைந்தது, உடைத்தது. பிரிந்தார்கள், பிரித்தார்கள். ஒளிந்தான், ஒளித்தான். அறுந்தது, அறுத்தது. ‘ந்த’ என்று மெல்லினம் கலந்து வருவது தன்வினை, ‘த்த’ என்று வல்லினம் இரட்டிப்பது பிறவினை. நிரம்பு–நிரப்பு, திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு எல்லாம் இதே குடும்பம். இப்படி ஜோடியாக நிற்கும் வினைகளில், மெலிந்தால் ‘ஸெ’ போடுங்கள், வலித்தால் போடாதீர்கள். உடைந்தது ‘ஸெ ரொம்ப்பியோ’, உடைத்தான் ‘ரொம்ப்பியோ’. பிரிந்தார்கள் ‘ஸெ ஸெப்பராரொன்’, பிரித்தார்கள் ‘ஸெப்பராரொன்’. ஒளிந்தான் ‘ஸெ எஸ்கொந்தியோ’, ஒளித்தான் ‘எஸ்கொந்தியோ’. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் மொழியில் உடைவதற்கும் உடைப்பதற்கும் ஒரே சொல்தான்.

ஜோடி இல்லாத வினைக்கு இந்தச் சோதனையை வைக்காதீர்கள். வந்தான், இருந்தான் என்பவற்றிலும் ‘ந்த’ உண்டு; அதற்காக அங்கே ‘ஸெ’ வராது. ‘திற’ ஒரு விதிவிலக்கு: கதவு திறந்தது, கதவைத் திறந்தான், இரண்டிலும் ‘ந்த’. அங்கே ‘ஐ’ உருபைப் பாருங்கள். ‘கதவை’ என்றால் ‘அப்ரியோ ல புவேர்த்த’, ‘கதவு’ என்றால் ‘ல புவேர்த்த ஸெ அப்ரியோ’.

ஸ்பானிஷ் பக்கத்திலும் விலக்குகள் உண்டு, இவற்றைத் தனியாக எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். எர்வீர் என்ற ஒரே வினை கொதிப்பதற்கும் கொதிக்கவைப்பதற்கும். மதுரார் பழுப்பதற்கும் பழுக்கவைப்பதற்கும். ‘எல் மாங்கொ மதூர’, மாம்பழம் பழுக்கிறது, ‘ஸெ’ வேண்டாம். (மாங்கொ என்ற சொல்லே தமிழ், மலையாள மாங்காய் போர்த்துகீசியம் வழியாகப் போனதுதான்.) எம்ப்பெஸார், தொடங்கு, இதே வகை. ஸுபீர், ஏறு அல்லது ஏற்று: பெட்டியை ஏற்றும்போது ‘ஸெ’ வராது, பஸ்ஸில் ஏறும்போது ‘ஸெ’யோடும் சொல்லலாம், இல்லாமலும் சொல்லலாம்.

‘விட்டு’, ‘போச்சு’: எந்த வழியும் சொல்லாத துண்டு

தொர்மீர் தூங்கு, தொர்மீர்ஸெ தூங்கிப்போ. ஈர் போ, ஈர்ஸெ போய்விடு. கயேர்ஸெ விழுந்துவிடு. இங்கே ‘ஸெ’ செயல் நடந்து முடிந்ததைக் காட்டுகிறது. ‘பஸ்ஸில் தூங்கினேன்’ ‘தொர்மீ என் எல் புஸ்’. ‘பஸ்ஸிலேயே தூங்கிட்டேன்’ ‘மெ தொர்மீ என் எல் புஸ்’. தமிழின் ‘இட்டேன்’ தான் ஸ்பானிஷின் ‘மெ’.

சாப்பிடுவதில் ஒரு நுணுக்கம். இரண்டு செட் தட்டுவடையைத் தீர்த்துவிட்டால் ‘மெ கொமீ தோஸ்’ என்று ‘மெ’ போடலாம். அளவு சொல்லாமல், பொதுவாகத் தட்டுவடை சாப்பிட்டேன் என்றால் ‘மெ’ பொருந்தாது. எவ்வளவு என்பது முடிவானால்தான் இந்த ‘ஸெ’க்கு இடம். ஒரு பாட்டை முழுக்க மனப்பாடம் பண்ணிட்டேன் என்றால் அப்ரெந்தேருக்கும் ‘மெ’ சேர்வது இதனால்தான்.

‘எனக்கு மறந்துபோச்சு’ என்று நாம் சொல்வது ஸ்பானிஷில் ‘ஸெ மெ ஒல்விதோ’. ‘ஸெ’ என்பது ‘போச்சு’, ‘மெ’ என்பது ‘எனக்கு’, ‘ஒல்விதோ’ என்பது மறப்பது. மூன்றுக்கு மூன்று. ‘நான் மறந்தேன்’ என்று பொறுப்பைத் தலையில் ஏற்றாமல், சாவி தானாக மறந்துபோனதாகச் சொல்லும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. தமிழில் ஒரு சாவியோ நான்கு சாவியோ ‘மறந்துபோச்சு’ மாறாது, ஸ்பானிஷில் மாறும்: ‘ஸெ மெ ஒல்விதோ ல யாவெ’, பல சாவிகள் என்றால் ‘ஸெ மெ ஒல்விதாரொன் லஸ் யாவெஸ்’. நம்மவர்கள் இங்கே பன்மையை விட்டுவிடுவார்கள்.

கடைப் பலகைகளின் ‘படும்’ கூட ‘ஸெ’தான். மாம்பழம் விற்கப்படும், ‘ஸெ வேந்தென் மாங்கொஸ்’. வாடகைக்கு விடப்படும், ‘ஸெ அல்கீல’.

மனப்பாட வழி

‘மெ யாமொ’ (என் பெயர்), ‘மெ வோய்’ (கிளம்பறேன்) போன்றவற்றை அலசாமல் அப்படியே விழுங்குவது நல்லது. ‘மெ யாமொ எஸ்’ என்று நடுவில் ஒரு சொல் செருகும் தவறு, ‘என் பெயர்’ என்ற தமிழ்ப் பொருளை மட்டும் நினைவில் வைப்பதால் வருகிறது. யமார்ஸெ என்பது ‘அழைக்கப்படு’ என்ற வினை, அதற்குமேல் இன்னொரு வினை வேண்டாம். ‘ஸெ’ இல்லாமல் வழங்காத வினைகளும் உண்டு: குறைகூறு (கெஹார்ஸெ), துணி (அத்ரெவேர்ஸெ), வருந்தித் திருந்து (அர்ரெபென்த்தீர்ஸெ). இவற்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். மற்றபடி இந்த வழியில் மட்டும் போனால் பாடத்தில் வராத வினையைச் சந்திக்கும்போது கை ஓய்ந்துவிடும்.

எந்த வழியில் போனாலும் வரும் தவறுகள்

தமிழில் ‘கொள்’ ஆளுக்கேற்ப மாறாது, கடைசி விகுதிதான் மாறும். அந்தப் பழக்கத்தில் ‘யோ ஸெ லெவான்த்தொ’ என்று வாய் போகும். ஆளுக்கு ஆள் ‘ஸெ’யும் மாற வேண்டும்: நான் மெ, நீ தெ, அவன் அவள் ஸெ, நாம் நாங்கள் நொஸ், அவர்கள் ஸெ. ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லோரும்’ என்று நெருக்கமானவர்களிடம் பேச ஒஸ் உண்டு, லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் ஸெ. ஆசிரியரையோ வயதில் மூத்தவரையோ ‘நீங்கள்’ என்று மரியாதையாக அழைக்கும் உஸ்தேத் ஒருமைக்கும் ஸெதான், தெ அல்ல.

இடம் பற்றிய விதி: காலம் காட்டும் வினைக்கு முன்னால் தனியாக, மற்றவற்றுக்குப் பின்னால் ஒட்டி. ‘மெ லெவான்த்தொ’, ஆனால் ‘கியேரொ லெவன்த்தார்மெ’ (எழ விரும்புகிறேன்). அகராதி வடிவத்தை அப்படியே தூக்கி ‘கியேரொ லெவன்த்தார்ஸெ’ என்பது ஓயாமல் வரும் தவறு. ‘மெ கியேரொ லெவன்த்தார்’ என்றும் சொல்லலாம். எழுந்திரு என்று ஏவும்போது ஒட்டும்: லெவான்த்தத்தெ. எழுந்திருக்காதே என்னும்போது முன்னால் வந்துவிடும்: ‘நோ தெ லெவான்த்தெஸ்’.

‘மெ கூஸ்த எல் கஃபே’ என்பதில் உள்ள ‘மெ’ இந்தக் குடும்பமே அல்ல. அது ‘எனக்கு’க் காபி பிடிக்கும். அவனுக்குப் பிடிக்கும் என்றால் ‘லெ கூஸ்த’, ‘ஸெ’ அல்ல. தமிழில் ‘அவனுக்கு’, ‘அவளுக்கு’ என்று ‘-க்கு’ வந்தால் ‘லெ’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘மெ ஸியேன்த்தொ’ என்பது உட்காருகிறேன் என்றும் பொருள்படும், உணர்கிறேன் என்றும் பொருள்படும். இறந்தகாலத்தில் பிரிந்துவிடும்: ‘மெ ஸென்த்தே’ உட்கார்ந்தேன், ‘மெ ஸென்த்தீ’ உணர்ந்தேன்.

முடிவு செய்ய

சான்றிதழ்த் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தால் ஆங்கில வழி நூலையே வைத்துக்கொள்ளுங்கள். புது வழியில் திரும்ப நேரமில்லை. மேலே சொன்ன இட விதியையும் ஆறு வடிவங்களையும் மட்டும் கையில் பிடியுங்கள். பேசுவதற்காகப் படிப்பவர், இரண்டு மூன்று மாதம் கையில் இருப்பவர், தன்வினை–பிறவினையில் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஜோடிகள் மட்டும், ‘கொள்’ பக்கம் போகவே வேண்டாம். மூன்றாம் வாரத்தில் கை, தலை, சட்டை என்று உடம்போடு சேர்ந்த ‘கொள்’ வினைகள். நான்காவதில் ‘விட்டு’, ‘போச்சு’. விலக்குப் பட்டியல் முதல் நாளிலிருந்தே சுவரில் இருக்கட்டும்.

அட்டை எழுதும்போது ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் ஆங்கிலம் என்று எழுதாதீர்கள். ஒரே பக்கத்தில் ஜோடியாக எழுதுங்கள்: மேலே ‘உடைத்தேன், ரொம்ப்பீ’, கீழே ‘உடைந்தது, ஸெ ரொம்ப்பியோ’. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஜோடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏறும்போது ‘த்த’, இறங்கும்போது ‘ந்த’. எந்த வளைவில் நாக்கு தடுமாறுகிறதோ அந்த அட்டையை அன்று இரவு திரும்ப எடுங்கள்.